அவள் பேரில் ஒரு பெட்டி

பெட்டிக்குள் சேலையைக் காணோம்.

விமான நிலையத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் மறுபடியும் தேடினாள். டிரில்லிங் மெஷின். அதற்குக் கீழே இன்னொரு டிரில்லிங் மெஷின். ரைஸ் குக்கர். குக்கருக்குள்ளும் இடத்தை வீணாக்காமல் இரண்டு கைப்பேசிகள், புருஷனுடைய காலுறைக்குள் சுற்றி. ஓரமெல்லாம் கோடாலித் தைலம்.

அவளுடைய துணி ஒரு முழம்கூட இல்லை.

எடை கூடுகிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று கவுண்டரில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் பெட்டியைத் திறந்தார். இல்லையென்றால் திருச்சியில் இறங்கி வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குத் தெரிந்திருக்காது.

சேலை எங்கே என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓட்டல் ரூமிலேயே விட்டுவிட்டாராம். பழைய துணிதானாம். நாலு சேலை அடைக்கிற இடத்தில் ஒரு மெஷின் போகுமாம்.

நாலில் ஒன்று புதுசு. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. பத்துமலையில் கட்டவேண்டும் என்று உடன்குடியில் பார்த்துப் பார்த்து எடுத்தது. மடிப்புகூடக் கலையவில்லை.



மலேசியா என்றதும் அவள் கேட்டது பத்துமலை முருகன் கோயில் ஒன்றைத்தான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் திருநெல்வேலி தாண்டிக் கூட்டிப்போகாத மனுஷன், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கச் சொன்னதும் நம்பவே முடியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எல்லார் வீட்டுக்கும் பத்துமலைத் திருநீறு கொண்டுவருவதாக வாய் கொடுத்தாள்.

வந்த நாலு நாளும் கடைதான். ஒரு கடையை விட்டால் அடுத்த கடை. எதை எடுத்தாலும் கைப்பேசியில் ஊர் விலையைத் தட்டிப் பார்ப்பார். இங்கே குறைவென்றால் முகம் மலர்ந்துவிடும். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

நேற்று சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை கேட்டாள்.

"முருகனத் திருச்செந்தூர்ல பாத்துக்கிடலாம்ட்டி. இந்த மெஷினு நம்ம ஊர்ல இந்த வெலைக்கிக் கெடைக்குமா?"

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஊரில் ஹார்டுவேர்க் கடை வைத்திருப்பவர். அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

பொறுக்க முடியாதது அதற்கப்புறம் வந்தது. குளித்துவிட்டு அவள் கதவைத் திறக்கும்போது, அவர் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு டிக்கெட்டுக்கு இருபத்தைந்து கிலோ கொண்டுவரலாமாம். டிக்கெட் காசைவிட அந்த இருபத்தைந்து கிலோவில் மிச்சமாவது அதிகமாம். அதற்காகத்தான் இவளைக் கூட்டிவந்தாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பியும் சிரித்தது வெளியே கேட்டது.

இருபத்தைந்து கிலோ.

அவ்வளவுதான் அவள்.

இப்போது அவர் தைலத்தில் பாதியைக் கைப்பைக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை அழுத்தி மூடினார். பூட்டின் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு திருகினார். கட்டின பெண்டாட்டிக்கே மறைப்பு.

கவுண்டரில் இருந்த பெண் தமிழ்ப் பெண்தான். நெற்றியில் மெல்லிய கீற்றாகத் திருநீறு. பத்துமலைத் திருநீறாகவும் இருக்கலாம். அவளுடைய பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பெயரை வாசித்தாள்.

"சண்முகக்கனி?"

"ஆமா" என்றார் அவர்.

பெயர் அச்சடித்த சீட்டைப் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டினாள். பிறகு எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள். பெட்டியை நீங்களே கட்டினீர்களா?

அதற்கும் ஆமா என்றார் அவர். உள்ளே இருப்பதெல்லாம் உங்கள் சாமான்தானா என்றதற்கும் அவரே ஆமா போட்டார்.

முப்பது வருஷமாக இதுதான். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் அவளைக் கேட்டால், அவர்தான் இடம் சொல்வார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"அங்கிள், இது ஆன்ட்டி பேர்ல போற பேக். ஆன்ட்டிதான் சொல்லணும்."

அவள் பேரில்.

வீடு அவர் பேரில். அவள் நகையை விற்று எழுப்பிய கடையும் அவர் பேரில். அவள் பேரில் இந்தப் பெட்டி ஒன்றுதான்.

"சொல்லுட்டி" என்றார்.

அவள் கவுண்டர்ப் பக்கம் ஓர் அடி முன்னால் வந்தாள்.  

"நான் கட்டலம்மா. உள்ள இருக்கதுல என்னுது ஒண்ணுகூட இல்ல."

பெட்டியோடு நகரத் தொடங்கியிருந்த ரப்பர்ப் பட்டை நின்றது.

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பிறகு எட்டி, அவள் பெயர் போட்ட சீட்டைப் பெட்டியிலிருந்து கிழித்தெடுத்தாள். போனை எடுத்துத் தணிந்த குரலில் என்னவோ சொன்னாள்.

அவர் ஏட்டி என்றார். மறுபடியும் ஏட்டி என்றார், இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. பிறகு சிரித்தார். போனில் சிரித்த அதே சிரிப்பு. கூடச் சிரிக்க ஆள் இல்லை.

சீருடை போட்ட இருவர் வந்தார்கள். ஒருவர் பெட்டியைத் தொடாமல் சுற்றிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் பின்வாங்கினார்கள்.

"அப்ப இது யாரோட பேக்?" என்று கவுண்டர்ப் பெண் கேட்டாள்.

பதில் சொல்ல அவருக்கு இடம் விட்டு, சண்முகக்கனி ஓரமாகத் தள்ளி நின்றாள்.