மூன்றாவது பெட்டி

"ரெண்டு பெட்டிதானே இருக்கணும்? இங்க மட்டும் எப்படி மூணு?"

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சரக்கு அதிகாரி ஆறாம் மேஜைக்கும் ஏழாம் மேஜைக்கும் நடுவே நின்றுவிட்டார். பம்பு செய்யும் தொழிற்சாலை அது. ஒரு மேஜையில் பூட்டிய பாகங்கள் பெட்டியில் அடுத்த மேஜைக்குப் போகும். நடுவில் இரண்டு பெட்டிக்கு மேல் சரக்குத் தேங்கக் கூடாது என்பது புது உத்தரவு. காலையிலிருந்து உபரிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே வந்தார்.

ஆறாம் மேஜையில் இருந்தவள் வலது கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுடைய வலது கட்டைவிரல் சரியாக மடங்குவதில்லை. அவள் பின்தங்கும்போதெல்லாம் ஏழாம் மேஜைக்கு அந்த மூன்றாவது பெட்டிதான் கைகொடுக்கும். அது போனால் ஒரே நாளில் விஷயம் வெளியே வந்துவிடும். வேலையும் போய்விடும்.

மாலையில் காலியாகும் பெட்டி, காலையில் அவள் வரும்போது நிறைந்திருக்கும். இரவு ஷிஃப்டில் யாரோ ஒரு புண்ணியவதி என்று நினைத்து, கிளம்பும்போது இரண்டு எலுமிச்சை மிட்டாயை அதில் போட்டுவிட்டுப் போவாள். முகம் தெரியாதவளுக்கு வேறெப்படி நன்றி சொல்வது?

"யார் முன்னால சரக்குத் தேங்குதோ, அவங்க கை மெதுவுன்னு அர்த்தம்" என்று அதிகாரி ஏழாம் மேஜை அக்காவைப் பார்த்தார்.

வரிசையிலேயே வேகமான கை அந்த அக்காவுடையது. நாக்கு அதைவிட வேகம். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, "மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சுதா?" என்று தினமும் இவளைக் குத்துவாள். போட்டுக் கொடுக்கப் போகிறாள் என்று இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா சார், நான்தான் மெதுவு. வயசாகுதில்ல?" என்றாள் அக்கா.

அவர் அவளுடைய எண்ணுக்கு எதிரே 'வேகம் குறைவு' என்று எழுதிக்கொண்டார். இத்தனை வருடம் உழைத்தவள், பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இத்தனை நாள் யாரைக் கண்டு பயந்தோம் என்று இவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா. உங்களுக்கும், ராத்திரில பெட்டிய நிரப்பி வைக்கிற அந்தப் புண்ணியவதிக்கும்."

அக்கா கையிலிருந்த திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நன்றியெல்லாம் இருக்கட்டும்டி. நாளையிலேருந்து வேற மிட்டாய் போடு. எலுமிச்சை எனக்குப் பல்லு கூசுது."