ஒத்திகையில் இல்லாத கேள்வி

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் மாரிவிக் ஓவென்று அழுதாள்.

"அழுகை ஓகே. ஆனா மூக்கைச் சிந்தாத, டிவியில அசிங்கமா தெரியும்," என்றார் எல்மர். "சாவியை நெஞ்சோட வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை அழு பாப்போம்."

எல்மர் மேயரம்மாவின் விளம்பர அதிகாரி. மாரிவிக் சிட்டி ஹாலில் தரை துடைக்கும் கான்ட்ராக்ட் ஊழியை. வீடில்லாதவர்களுக்காக நகராட்சி கட்டிய குடியிருப்புக்கு இன்று திறப்பு விழா. பாலத்தடியிலிருந்து வந்த ஏழைத் தாயாகக் கேமரா முன் நிற்க அவளைத்தான் பிடித்துப் போட்டிருந்தார்.

"நெஜமாவே பாலத்தடியில இருக்கறவங்களை நிக்க வெக்கலாமே சார்?" மாரிவிக் மெதுவாகக் கேட்டாள்.

"போன விழாவுல வெச்சேனே! மைக்கைக் குடுத்ததும் அந்தம்மா மேயரம்மாவையே கிழிச்சுத் தொங்க விட்டுடுச்சு. அப்புறம் நான் வாங்கின பாட்டு எனக்குத்தான் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. இன்னிக்கு நல்லபடியா நடந்தா மறுபடி போட்டுத் தர்றேன். சொதப்பினே, நாளையிலேருந்து அந்தப் பக்கமே வராத."

மாரிவிக் தலையாட்டினாள். அந்த வேலையும் போனால் சோற்றுக்கு வழியில்லை.

அவள் பிள்ளைகளாக நிற்க வந்த இருவர் மட்டும் அசல் பாலத்தடிக்காரர்கள். காலையில் எல்மர் பாலத்தடியில் வேனை நிறுத்தி, ஒரு தாயிடம் அரிசி மூட்டையைக் கொடுத்துவிட்டு போயெட்டையும் லெங்லெங்கையும் ஏற்றி வந்திருந்தார். லெங்லெங் வந்த வேகத்தில் மாரிவிக்கின் மடியில் ஏறிக்கொண்டு அவள் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கியது.

"பரவால்லையே, அதுக்குள்ள ஒட்டிக்கிச்சே!" எல்மருக்கு ஏக சந்தோஷம். அடுத்த நொடியே கத்தினார். "டேய் போயெட்! ஃப்ரிட்ஜைத் தொடாதடா, சாயங்காலம் கடைக்குத் திருப்பிக் கொடுக்கணும்!"

மேயரம்மா வந்தார். ரிப்பன் வெட்டினார். சாவியைக் கொடுத்தார். மாரிவிக் மூக்கைச் சிந்தாமல் அழுதாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"ஒரு நிமிஷம்!" டிவி நிருபர் ரோவேனா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அக்கா, உங்களை நான் பாத்திருக்கேன்."

மாரிவிக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சிட்டி ஹால் படியில நான் வழுக்கி விழப் போனப்ப புடிச்சது நீங்கதானே? கையில மாப்பு வெச்சிருந்தீங்க. அங்க வேலை பாக்கறவங்க, எப்படி திடீர்னு பாலத்தடிக்காரங்க ஆனீங்க?"

எல்லாக் கேமராக்களும் அவள் பக்கம் திரும்பின. மேயரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எல்மரின் காதோரம் வியர்வை இறங்கியது. லெங்லெங் மிரண்டுபோய் மாரிவிக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"ஆமா மேடம், நான்தான்," என்றாள் மாரிவிக். "அங்கதான் தொடைக்கிறேன். அந்தச் சம்பளத்துல வாடகையும் குடுத்துட்டுச் சாப்பிடவும் முடியாது. அதான் பாலத்தடியில கிடக்கறேன்."

"நம்பச் சொல்றீங்க?" ரோவேனா மைக்கை இன்னும் கிட்டே நீட்டினாள். "சரி, புயல் மழையில தண்ணி ஏறுமே, அப்ப எங்க தூங்குவீங்க?"

ஒத்திகையில் இந்தக் கேள்வியே கிடையாது. எல்மர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க மேடம் தூங்கறது? தூணு மேல ஒரு திட்டு இருக்கு. புள்ளைங்களை அதுல ஏத்திட்டு, உருண்டு விழாம இருக்க துணியால என் இடுப்போட கட்டிக்குவேன். மேல லாரி போறப்பல்லாம் மண்ணு கொட்டும். அதுங்க கண்ணுல விழாம கையால மறைச்சுப் புடிக்கணும். விடியற வரைக்கும் அதான் வேலை."

ரோவேனா மைக்கைத் தாழ்த்தினாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா."

மேயரம்மா சட்டென்று மாரிவிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கேமராக்கள் பளிச் பளிச்சென்று மின்னின.

திரும்பும்போது எல்மர் வேனின் முன் சீட்டில் நிலைகொள்ளாமல் தவித்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"யம்மா! நீயெல்லாம் சினிமாவுக்குப் போயிருக்கணும். நான் செத்தேன்னே முடிவு பண்ணிட்டேன். எப்படி அவ்ளோ பெரிய பொய்யை நின்ன எடத்துல அவுத்து விட்ட?"

பின் சீட்டில் பிள்ளைகள் விழாவில் கொடுத்த நூடுல்ஸ் பொட்டலத்துக்கு அடித்துக்கொண்டிருந்தன. மாரிவிக் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தாள்.

"கான்ட்ராக்ட் சார்?"

"போட்டாச்சுன்னு வெச்சுக்கோ. எல்மர் சொன்னா சொன்னதுதான். சரி, சாவியைக் குடு. அடுத்த மாசம் இன்னொரு விழா இருக்கு."

அவள் கொடுத்தாள். அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

பாலத்தடியில் வேன் நின்றது. மேலே பாலத்தில் ஜீப்னி வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி ஓடின. பிள்ளைகள் குதித்து இறங்கித் தங்கள் அம்மாவை நோக்கி ஓட, மாரிவிக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"ஏம்மா, நீ எங்க எறங்கற?" எல்மர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏறு ஏறு. இன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்தியிருக்க. வீடு வரைக்கும் கொண்டுபோய் விடறேன்."

மாரிவிக் வேன் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வீட்டுலதான் விட்டிருக்கீங்க, சார்."