ஒழுகாத குவளை

குவளைக்குள் அடித்தட்டு இறங்க மறுத்தது.

மாட்டுக்கொம்பு சூடாக இருக்கும்வரைதான் சொன்னபடி கேட்கும். ஆறும்போது இறுகி, உள்ளே வைத்த தட்டைத் தானே கவ்விக்கொள்ள வேண்டும். பசை கிடையாது.

மரச்சுத்தியால் இன்னொரு அடி கொடுத்தேன். இறங்கியது.

மதியம் சங்கரநாராயணன் வருவார். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர். மாதிரிக்குச் செய்யும் இந்தக் குவளையில் தண்ணீர் ஒழுகாமல் நின்றால், வருஷம் முழுக்க எங்களுக்கு ஆர்டர். ஆர்டர் கிடைத்தால் என் தங்கை கவிப்பிரியா செல்போன் கம்பெனிக்குப் போக வேண்டாம்.

அதற்காகத்தான் எல்லாம்.

நைட் ஷிப்டு. அது முடிந்தால் ஓ.டி. செல்போன் பூட்டும் லைனில் நின்று நின்று, கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே தூங்கப் பழகிவிட்டாள்.

அதே கம்பெனியில்தான் என் எம்.எஸ்ஸி. சான்றிதழைப் புரட்டிய ஒருவன், "இவ்ளோ படிச்சிட்டு லைன்ல நிப்பீங்களா மேடம்?" என்று சிரித்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் போனேன் போலிருக்கிறது.

இன்று காலை பென்னலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய கவி, சீருடையோடு நேரே பட்டறைக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

"வூட்டுக்குப் போய்ப் படுடி."

"மீதிக் கொம்ப நான் அனல்ல காட்டித் தரேன்க்கா. நீ காட்னா கருக்கிடுவ. ஆர்டர் மட்டும் கெடைக்கட்டும், ஒரு வாரத்துக்கு என்ன எழுப்பவே கூடாது, சொல்ட்டேன்."

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். கேஸ் அடுப்பு குபீரென்று பற்றும் சத்தம் கேட்டது.

அதற்குள் குவளை ஆறியிருந்தது. பாலிஷ் மோட்டாரைப் போட்டேன். அது ஓடினால் வாசலில் கன்டெய்னர் லாரி போனாலும் காதில் விழாது. திருப்பித் திருப்பித் தேய்த்தேன். கறுப்புக்குள்ளிருந்து தேன் நிறம் கிளம்பி வந்தது.

கூடவே நாற்றமும் வந்தது.

கொம்பு கருகினால் முடி கருகுவது போலத்தான் நாறும். இரண்டும் கெரட்டின் என்ற ஒரே புரதம். நான் படித்த கெமிஸ்ட்ரி இந்தப் பட்டறையில் பயன்பட்டது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

"என்னச் சொல்லிட்டு நீயே கருக்கினு கீறியா?" என்று கத்தினேன்.

அசடு வழிந்துகொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. தேய்த்து முடித்தேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, குவளை நிறையத் தண்ணீர் ஊற்றிப் பழைய பேப்பர் மேல் வைத்தேன். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கிப் பார்த்தேன். பேப்பர் காய்ந்தே இருந்தது.

"கவி! நின்னுடுச்சுடி!"

அடுப்பு எரியும் சத்தம் மட்டும் கேட்டது.

அவளிடம் காட்ட, தண்ணீரோடு குவளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மேசைக்கு அடியில் காலில் ஏதோ இடித்தது. அலுமினிய அண்டா.

அனலில் காட்ட வேண்டிய கொம்புகள் எல்லாம் அதற்குள் ஊறிக்கொண்டிருந்தன.

ஒன்றைக்கூட அவள் எடுத்துப் போயிருக்கவில்லை.