எல்லாம் ஒரே நொடியில்

கல்யாண நாளுக்கு அம்மா கேட்ட பரிசு, அப்பாவை அப்படியே முப்பரிமாண அச்சில் எடுத்த ஒரு கையளவு பொம்மை. அதற்கு எல்லாப் பக்கமும் படமெடுக்க, அவர் நாற்காலியைச் சுற்றி இருபது கேமராக்களை நிறுத்தியிருந்தேன்.

பொத்தானை அழுத்தினேன். ஏழு கேமராக்கள் மறுபடியும் பல்லிளித்தன.

“இப்ப என்னடா?” என்றாள் அம்மா.

“தனித்தனியா அழுத்தினா எல்லாமே ஒழுங்கா எடுக்குதும்மா. ஒண்ணா அழுத்தினா யுஎஸ்பி கரண்ட் பத்தலை. கழுத்தறுக்குது.”

“ஒரே கேமராவை வெச்சு சுத்தி வந்து எடுக்கக் கூடாதா?”

“ஆடாம இருந்தா எடுக்கலாம். அப்பாவுக்குத்தான் தலையும் கையும் ஒரு நிமிஷம் நிக்கலையே. எல்லாப் பக்கமும் ஒரே நொடியில எடுத்தாத்தான் உருவம் சேரும்.”

அப்பா சிரித்தார். “நான் என்ன வேணும்னா ஆடறேன்? உன் கேமராவுக்கும் என் வயசுதான் போல. எல்லாரும் ஒண்ணா கூப்பிட்டா படுத்துடுது.”

கேபிளை மாற்றினேன். பல கேபிள்களை ஒன்றாகச் செருகும் யுஎஸ்பி ஹப் இரண்டில் கேமராக்களைப் பிரித்து மாட்டினேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் தனியாகக் கரண்ட் எடுக்கும் பெரிய ஹப் வாங்கக் கடைக்கு ஓடினேன்.

“இதுல ஐம்பது மாட்டினாலும் படுக்காது சார்” என்றார் கடைக்காரர்.

பெட்டியும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

“அம்மா, கிடைச்சிடுச்சு! அப்பா ஆடினா ஆடிட்டுப் போகட்டும்!”

நாற்காலியில் தலை சாய்ந்திருந்த அப்பாவின் கையைப் பிடித்தபடி அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒரு கேமராவே போதும்டா” என்றாள். “நிதானமா சுத்தி வந்து எடு.”