பல்கேரியாவா? யாரு?

வருஷக் கடைசி லீவுக்குக் குடும்பத்தோடு பல்கேரியா போகிறோம் என்று கிராணி ராமையா அறிவித்தபோது, ஈப்போவில் பாதிப் பேருக்கு அது பினாங்குக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே தெரியவில்லை.

மனுஷர் விடுவாரா? மதார் சாகிப் கடையில் தினமும் பசியாற உட்கார்ந்தால் இதே பேச்சுதான்.

"லண்டன்ல என்னா இருக்கு பாய்? எல்லாரும்தான் போறான். பல்கேரியாவுல தயிர் கட்டி கட்டியா இருக்குமாம். 'ஆமா'ன்னு சொல்றதுக்கு நம்ம ஆளுங்க மாதிரியே தலையைப் பக்கவாட்டுல ஆட்டுவாங்களாம். பாஷையே வேணாம் லா!"

எங்கெங்கோ கடிதம் எழுதி, ரோஜாத் தோட்டப் படம் போட்ட புத்தகமெல்லாம் வரவழைத்திருந்தார். மனைவி நவமணி கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்துவிட்டாள். மகள் புஷ்பலீலாவின் ஜாதகம் தரகர் மூலம் பாரிட் புந்தாருக்குப் போய் இரண்டு மாதமாகியும் பதிலைக் காணோம். நல்ல இடம், கை நழுவிவிடக் கூடாதே என்று ராமையா வேண்டாத சாமியில்லை. அவள் புருஷன் வீட்டுக்குப் போவதற்குள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஊரைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அந்த ஆசையில்தான் ஒரு திங்கட்கிழமை சாகிப் மண்ணைப் போட்டார்.

"ராமையாண்ணே, கோவிச்சுக்காதீங்க. பல்கேரியா கம்யூனிஸ்ட் நாடாமே?"

ராமையா கையிலிருந்த ரொட்டி குழம்பிலேயே விழுந்தது.

அவர் பீடோர்ப் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் அந்த ஒரு சொல்லுக்காகத் தோட்டத்து லயங்களில் இருந்த ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர். இந்த 1978-லும் அந்தச் சொல் காதில் விழுந்தால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். போதாக்குறைக்கு அரசாங்கக் குமாஸ்தா உத்தியோகம். வீட்டுக்கு ஓடியவர் பல்கேரியாப் புத்தகங்களை அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினார்.

மூன்றாம் நாள் காலை சாகிப் அவர் காதருகே குனிந்தார்.

"அண்ணே, ஒரு ஆள் உங்களைப் பத்தியே விசாரிச்சுட்டுத் திரியறான் லா. முடிவெட்டுற கடையில கேட்டான், லாண்டரியில கேட்டான். பாத்தா மப்டி போலீஸ் மாதிரி இருக்கு."

ராமையா எழுந்து ஓடுவதற்குள் அந்த ஆளே உள்ளே வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து, பாக்கெட்டில் சின்ன நோட்டு. வெளியே நின்ற டாக்சியில் மேலும் இரண்டு தடியர்கள். ஒருவன் மடியில் எதையோ துணியில் சுற்றிக் கெட்டியாகப் பிடித்திருந்தான். துப்பாக்கிதான், சந்தேகமேயில்லை.

வந்தவன் நேராக ராமையாவுக்கு எதிரே உட்கார்ந்தான். சாகிப் அடுப்படிக்குள் மறைந்துவிட்டார்.

"அண்ணே, கிராணி ராமையாவைத் தெரியுமா?"

"தெ... தெரியும். நான் பழனியப்பன். அவனுக்குப் பக்கத்து வீடு."

"அப்படியா! ரொம்ப நல்லதாப் போச்சு." நோட்டு வெளியே வந்தது. "அவரு பல்கேரியா போறாராமே?"

"பல்கேரியாவா? யாரு? அவனா?" ராமையா சிரித்துக் காட்டினார். "தைப்பிங் வரைக்கும் பஸ்ல போனாலே வாந்தி எடுப்பான். வாயைத் திறந்தா புளுகு. நீங்க வேற!"

எழுதிக்கொண்டான்.

"சங்கம், கோயில் கமிட்டி, அந்த மாதிரி எதுலயாச்சும் இருக்காரா?"

கோயில் கமிட்டியில் பத்து வருஷமாகச் செயலாளராக இருக்கும் ராமையா பதறிப்போனார்.

"அவனை எவன் சேர்ப்பான்? சாயங்காலமானா தண்ணியைப் போட்டுட்டுக் குப்புறக் கிடப்பான். கூட்டம் போடுற அளவுக்கு நிதானம் ஏது?"

"அடடா. வீட்டுக்கு யார் யார் வந்து போறாங்க?"

"காக்காகூட வராது. பொண்டாட்டி பெரிய சண்டைக்காரி. அவ வாய்க்குப் பயந்து போஸ்ட்மேனே கேட்டோட ஓடிருவான்."

நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது.

"பொண்ணு ஒண்ணு இருக்காமே, அது எப்படி?"

ஐயோ, பிள்ளையையுமா தூக்கப் போகிறார்கள்! ராமையாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தன் தலை போனாலும் போகட்டும், புஷ்பலீலாவைக் காப்பாற்றியாக வேண்டும்.

"அண்ணே, அந்தப் பொண்ணு பாவம் அண்ணே! சத்தியமா அதுக்கு ஒண்ணுமே தெரியாது. எழுதப் படிக்க வராது, வெந்நீர் வைக்கக்கூட வராது. கொஞ்சம் மண்டையும் சரியில்ல. அதை விட்டுருங்க!"

அந்த ஆள் பேனாவை மூடினான். எழுதிய பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தான்.

ராமையாவுக்கு மூச்சு வந்தது. கேஸ் குளோஸ்! மூன்று நாள் பயம் ஒரே கோட்டில் தீர்ந்தது. ஒரு மப்டி மாத்தாவையே மடக்கிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு குதியாட்டம்கூட.

வந்தவன் எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான்.

"நல்ல காலம், தெய்வமா வந்து எங்க பையனைக் காப்பாத்தினீங்க அண்ணே! நான் பாரிட் புந்தார் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பல்கேரியாவுக்கே போற பெரிய குடும்பமாச்சே, ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு இன்னைக்கே பரிசம் போட்டுரலாம்னு தாம்பாளத்தைக்கூட டாக்சியில தூக்கிட்டு வந்துட்டோம் லா!"