துமிலி எப்படி இருக்கும்?

மேலாளர் ரத்துப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். அவ்வளவு அவசரம்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

விநோதப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் வீடியோ கேம் எங்களுடையது. அடுத்த பாகத்தில் புதிதாக ஒன்பது பிராணிகள். வெளியாகும் முன்பே அவற்றின் பெயர்களை டிரேட்மார்க் செய்துவிட வேண்டும். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரசிகர்கள் அதைத் தோண்டியெடுத்து, எது பறக்கும், எது நெருப்புக் கக்கும் என்று முழுக் கதையையும் ஊகித்துவிடுவார்கள்.

அவர்களைக் குழப்புவதற்காகவே நாலைந்து டம்மிப் பெயர்களையும் சேர்த்துப் பதிவு செய்வது எங்கள் சட்டப் பிரிவின் வழக்கம். டம்மிக்கு உருவம் கிடையாது, குரல் கிடையாது. வரைகிறவர்களுக்கே அப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாது. அந்தப் பெயர்களை யோசிப்பது என் வேலை. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிவிடுவேன்.

இந்த முறை துமிலி என்று ஒன்றைச் சேர்த்தேன்.

இணையத்தில் ரசிகர்கள் நிஜமான ஒன்பதையும் விட்டுவிட்டுத் துமிலியைப் பிடித்துக்கொண்டார்கள். கண் பெரிதாக இருக்கும் என்றாள் ஒருத்தி. மழை வந்தால் தும்முமாம். கோபம் வந்தால் மூக்கு சிவக்குமாம். யாரோ நீல நிறத்தில் வரைந்துவிட, அதெல்லாம் கிடையாது, மாநிறம்தான் என்று மூன்று நாள் சண்டை. துமிலி இல்லாவிட்டால் விளையாட்டே வேண்டாம் என்று நாற்பதாயிரம் பேர் எழுதிவிட்டார்கள்.

பைத்தியங்கள்! ஒன்றுவிடாமல் படித்தேன். பஸ்ஸில், பல் மருத்துவர் வாசலில், அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும். காது பெரிதாக இருக்கும் என்று ஒரு மடையன் எழுதினான். வேறு பெயரில் போய் அவனோடு மல்லுக்கு நின்றேன். துமிலிக்குக் காது சின்னது.

மேலிடம் பயந்துவிட்டது. விளையாட்டு தயார், இனி புதிதாக ஒன்றை வரைந்து நுழைக்க நேரமில்லை. அதனால் இன்று ஐந்து மணிக்குள் பெயரை ரத்து செய்துவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அறிவிப்பார்களாம். விண்ணப்பம் போட்டவள் நான். ரத்துக்கும் என் கையெழுத்துதான் வேண்டும். போடாவிட்டால் வேலை போகும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

போகட்டுமே! பதினோரு வருஷமாக நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றே ஒன்றுக்கு முடியாது என்றால் யார் குடி முழுகிவிடும்?

மேலாளர் கெட்டவர் இல்லை. பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார்.

“ஏம்மா, அது வெறும் பேரும்மா. இல்லாத ஒண்ணுக்காக யாராவது வேலைய விடுவாங்களா?”

படிவத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“இருந்துச்சு சார். எட்டு மாசம், என் வயித்துல. பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வச்சுட்டோம். பொறந்தப்ப அழவே இல்ல. அந்தப் பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடல. இப்ப நாப்பதாயிரம் பேர் கூப்பிடறாங்க. என் கையால அத நிறுத்த மாட்டேன்.”