இன்னொரு மிடறு மாத்தே

உருகுவே நாட்டின் பைசாந்து நகரத்துப் பிற்பகல் வெயிலில் டாக்டர் தூக்கிப் பிடித்திருக்கும் எக்ஸ்ரேயில், எவரிஸ்தோவின் தொடையெலும்பு கறையான் அரித்த உத்தரம்போல் தெரிகிறது. “புத்துநோய்க் கட்டி நேரா எலும்பைத் திங்கல. அது சுரக்குற சைட்டோகைன்ங்கிற ரசாயனம்தான் ஏவிவிடுது. பழைய எலும்பை அரிச்செடுக்குற உங்க செல்லுங்களே வெறிபிடிச்சுத் திங்குது. ஊசிக்கும் அடங்கல,” என்கிறார். “நான் வளர்த்த நாயே என்னைக் கடிக்குதுங்கிறீங்க,” என்று அவன் சிரிக்கப் பார்க்கிறான். டாக்டர் போனதும் மனைவி நெலிதா மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டுகிறாள். “நாளைக்கே வேற மருந்து ஆரம்பிக்கலாமாம். சரின்னு சொல்லிடட்டுமா?” உறிஞ்சுகுழல் கொறகொறக்கும்வரை குடித்துவிட்டு, அவன் குடுவையைத் திருப்பித் தருகிறான். “நன்றி, நெலி.” இனி வேண்டாம் என்றால் மட்டுமே இங்கே மாத்தேக்கு நன்றி சொல்வார்கள். “எனக்குக் காது கேக்கல,” என்றபடி அவள் மறுபடி ஊற்றுகிறாள். வெந்நீர் விளிம்பு தாண்டி விரல்களில் வழிகிறது, அவள் நிறுத்தவில்லை.